யாழை முறிக்க வேண்டா

ஓலைச்சுவடியைக் கண்டெடுப்பது ஒரு தொண்டு. கண்டெடுத்ததைப் படித்தறிவது மற்றொரு தொண்டு. முன்னதற்குக் காலும் கண்ணும் வேண்டும். பின்னதற்குப் பொறுமையும் நடுவுநிலையும் வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றித் தந்தபோது தமிழுலகம் பெற்றவை வெறும் பழைய ஏடுகள் அல்ல. பாடவேறுபாடு நோக்கி, பொருள் ஆராய்ந்து, குறிப்பெழுதித் தந்த நூல்களையே பெற்றது. பரணிலிருந்து இறங்கிய அளவிலேயே ஏடு நூலாகி விடுவதில்லை.

இந்த உண்மையை இப்போது எடுத்துரைக்கக் காரணம் உண்டு. ஓலைக்கு நேர்ந்தது இற்றை நாளில் ஒலிநாடாவுக்கு நேர்கின்றது. மின்னாற்றலால் இசையொலியை உண்டாக்கும் 'சிந்தசைசர்' என்னும் கருவியில் ஆர்வங்கொண்டோர் உலகெங்கும் பெருகியுள்ளனர். 1960களிலும் 1970களிலும் செய்யப்பட்ட பழங்கருவிகளைத் தேடுவது, பழுது பார்ப்பது, மறந்துபோன ஒலிநாடாக்களை மீட்பது ஆகியவை அவர்தம் விருப்பப் பணிகள். அப்பணியின் பயனாக இந்தியாவிலிருந்து கிடைத்த ஒரு செல்வம் 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தது. 'என்.ஐ.டி. ஒலிநாடாக்கள்: இந்தியாவில் மின்னிசை 1969–1972' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பலரும் அதனைப் புகழ்ந்தனர். புகழுக்கு அது தக்கதே. ஆயினும், புகழ்ந்த வகை தக்கதுதானா? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா.

கிடைத்தது என்ன?

குசராத்து மாநிலத்தின் அகமதாபாத் நகரில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அதனை உருவாக்கியதில் கௌதம் சாராபாய், கீரா சாராபாய் என்னும் உடன்பிறந்தார் இருவர்க்கும் பெரும்பங்கு உண்டு. அக்குடும்பத்தைச் சார்ந்த கீதா சாராபாய் பக்கவாசு என்னும் முழவைப் பயின்றவர். பெண்கள் அக்கருவியைத் தொடாத காலத்தில் தொட்டவர். 1946இல் அவர் நியூயார்க்கு சென்றபோது ஜான் கேஜ் என்னும் அமெரிக்க இசையறிஞரிடம் மேலையிசை கற்றார். கைம்மாறாக அவருக்கு இந்திய இசையைக் கற்பித்தார். உள்ளத்தை அடக்கி அமைதிப்படுத்துவதே இசையின் பயன் என்று தம் ஆசான் கூறியதைக் கீதா அவரிடம் சொன்னார். கேஜ் அதனைத் தம் வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்து வந்தார்.

இந்த நட்பின் வழியாகவே கேஜின் தோழரான டேவிட் டியூடர் 1969இல் அகமதாபாத் வந்தார். அமெரிக்கப் பொறியாளர் இராபர்ட் மோக் ஆக்கிய மின்னிசைக் கருவி ஒன்று அங்கே நிறுவப்பெற்றது. இந்தியாவின் முதல் மின்னிசைக் கூடம் அதுவே என்பர். மோக் தம் கருவியின் முதல் வடிவைச் செய்தது 1964இல்தான். வெண்டி கார்லோஸ் அக்கருவியால் பாக் என்னும் செருமானிய இசைமேதையின் படைப்புகளை இசைத்து, உலகையே திரும்பிப் பார்க்கச் செய்தது 1968இல். அடுத்த ஆண்டே அக்கருவி அகமதாபாத்தில் இருந்தது என்றால் அந்த நிறுவனத்தாரின் ஊக்கத்தை நாம் மெச்சவே வேண்டும்.

கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, சின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அக்கூடத்தில் பணி செய்தனர். அவர்களுள் ஜோஷிபுரா இளம் மாணவர். சில ஆண்டுகளிலேயே அம்முயற்சி ஓய்ந்தது. நாடாக்கள் நிறுவனத்தின் காப்பறையிலேயே அரை நூற்றாண்டு உறங்கின. இங்கிலாந்தைச் சேர்ந்த இசைஞர் பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்து, தூய்மை செய்து, 2020இல் பி.பி.சி. வானொலியில் அவற்றைப் பற்றிப் பேசினார். பின்னர் இசைத்தட்டும், கட்டுரைகள் அடங்கிய நூலும் வெளிவந்தன.

கருவியின் இயல்பு

அந்நாடாக்களை மதிப்பிடுமுன் அக்கருவியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். தமிழாசிரியர்க்கு இஃது எளிது. தொல்காப்பியப் பிறப்பியலை நினைத்துக்கொண்டால் போதும். உந்தியிலிருந்து எழுங்காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகப் பிறக்கின்றது என்று ஆசிரியர் வகுத்தார். காற்று ஒன்று, அதனை உருத்திரிக்கும் உறுப்புகள் பல.

மோக் கருவியும் அவ்வாறே இயங்குகின்றது. அதன் ஒரு பெட்டி ஒலியலையை இயற்றும்; இது மிடறு போன்றது. அடுத்த பெட்டி அவ்வொலியில் வேண்டாத கூறுகளை வடித்து நீக்கும். இது வாயும் இதழும் போன்றது. மூன்றாவது ஒலியின் அளவைப் பெருக்கவும் குறைக்கவும் செய்யும். ஒலி எவ்வளவு விரைவில் எழ வேண்டும், எவ்வாறு தணிய வேண்டும், எந்த அளவில் நிற்க வேண்டும், எவ்வாறு மறைய வேண்டும் என்பதை ஆள்வது நான்காவது. இப்பெட்டிகள் தனித்தனியே இருக்கும். எதனை எதனோடு இணைப்பது என்பதைக் கம்பிகளால் முடிவு செய்பவர் இசைப்பவரே. நிலைமொழியும் வருமொழியும் அவையே. புணர்ச்சி மட்டும் அவரவர் விருப்பம். இவ்வாறு கூறுகூறாகப் பிரித்து இணைக்கும் வகையையே 'மாடுலர்' என்கின்றனர்.

நமக்கு இன்றியமையாத செய்தி ஒன்று இதில் உண்டு. அக்கருவியில் சுரத்தின் உயர்வு தாழ்வை ஆள்வது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூடினால் ஒலி சரியாக ஒரு தாயி உயரும். அந்த ஒரு வோல்ட்டைப் பன்னிரண்டாகப் பகுத்தால் பியானோவின் பன்னிரு சுரங்கள் கிடைக்கும். ஆனால் பன்னிரண்டாகத்தான் பகுக்க வேண்டும் என்று கருவி வற்புறுத்துவதில்லை. தஞ்சை மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில், ஒரு தாயிக்கு இருபத்திரண்டு சுருதி என்ற கொள்கையை மறுத்து, இருபத்து நான்கு என்று கணக்கிட்டு வாதாடினார். அந்த ஒரு வோல்ட்டை இருபத்து நான்காகப் பகுத்தால், ஏறத்தாழ 0.042 வோல்ட்டுக்கு ஒரு சுருதியாக அவர் கணக்கைக் காதாலேயே கேட்டுவிடலாம். பகுக்காமலே அழுத்தத்தை மெல்ல ஏற்றினால் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஒலி வழுக்கிச் செல்லும். நம் இசையின் உயிராகிய கமகத்துக்கு இடம் அங்கே இருக்கின்றது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் அதே காலத்தில் கருவி செய்த டான் புக்லா, பியானோ விசைகளை வைத்தால் இசைப்பவரின் கை பழைய இசைக்கே திரும்பிவிடும் என்று கருதி, விசைப்பலகையை ஒதுக்கித் தொடுதகடுகளை வைத்தார். மோக் விசைப்பலகையை வைத்தார். விரலை வழுக்கி இசைக்கும் பட்டையையும் உடன் தந்தார். உலகம் விசைப்பலகையையே பற்றிக்கொண்டது. 1970இல் வந்த மினிமோக் கருவியில் கம்பியிணைப்பும் மறைந்தது. எடுத்துச் செல்ல எளிதாயிற்று, வாங்குவாரும் பெருகினர். கருவி பரவப் பரவ, அதன் உரிமை சுருங்கியது.

நாடாக்களைக் கேட்டால்

இவ்வளவும் அறிந்து அகமதாபாத் நாடாக்களைக் கேட்போம். அவற்றின் தலைப்புகளே படைத்தோரின் உள்ளத்தைக் காட்டுகின்றன. மாத்தூரின் ஒரு படைப்புக்கு 'என் பறவைகள்' என்பது பெயர். மற்றொன்றுக்கு 'ஒருகால் நான் தம்பூரா மீட்டினேன்' என்பது பெயர். சர்மாவின் படைப்புகளுள் 'காற்றும் குமிழிகளும்' ஒன்று. 'நடன இசை' என்று எண்ணிட்டவை சில. 'மோக் கருவியில் ஆக்கிய மின்னொலிகள்' என்று பயிற்சியேட்டின் பெயர் போன்ற தலைப்புடையது ஒன்று. தேசாய் 1970ஆம் ஆண்டு ஒசாக்கா உலகப் பொருட்காட்சிக்காகச் செய்த பதிவுகளும் உள்ளன. ஜோஷிபுராவின் 'விண்கலம் 2001' ஓர் இளைஞனின் கனவு.

இவற்றுள் முழுமை பெற்ற இசைப்படைப்பு என்று சொல்லத்தக்கவை சிலவே. பெரும்பாலானவை பயிற்சிகள். குழந்தை எழுத்தாணி பிடிக்கக் கற்கும்போது மணலில் எழுதிப் பார்ப்பது போன்றவை. ஓர் ஒலி எழுகின்றது, அதனைத் திரிக்கின்றனர், திரிந்தது இனிக்கின்றதா என்று பார்க்கின்றனர், விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்கின்றனர். இதனைக் குறையென்று சொல்ல வேண்டா. ஆனால் பயிற்சியைக் காவியம் என்று சொல்வது படைத்தோருக்கும் நன்மை செய்யாது, கேட்போருக்கும் நன்மை செய்யாது. மாணவனின் நல்ல பயிற்சியைக் காவியம் என்று புகழும் ஆசிரியர், அவன் காவியம் எழுதும் வழியை அடைத்தவரே ஆவார்.

எனினும் இப்பயிற்சிகளில் ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. அவற்றைச் செய்தோர் கருவியிடம் புதிய வினாக்களைக் கேட்டனர். 'உன்னால் பியானோவைப் போல ஒலிக்க முடியுமா?' என்று கேட்கவில்லை. 'காற்றைப் போல ஒலிப்பாயா? பறவையைப் போல ஒலிப்பாயா? தம்பூராவின் நாதத்தை எடுத்து வேறொன்றாக்குவாயா?' என்று கேட்டனர். மேலையிசையை அப்படியே பாடிக் காட்டுமாறு அக்கருவியை ஏவியிருக்கலாம். அதுவே அப்போது விலைபோன வழி. அவர்கள் அவ்வழிச் செல்லாமையே இந்நாடாக்களின் உயிர்.

குறையும் ஒன்று உண்டு. அதனை மறைப்பது திறனாய்வாகாது. வினா கேட்டவர்கள் விடையை அடுத்தவர்க்குக் கைமாற்றவில்லை. அக்கூடத்திலிருந்து ஒரு மாணவர் பரம்பரை எழவில்லை, நாடாக்கள் வெளியிடப்படவில்லை, மும்பையிலோ சென்னையிலோ இசையமைத்தோர் அவற்றைக் கேட்க வழியில்லை. கருவி விலையுயர்ந்தது, கூடம் ஒன்றே, கதவு சிலர்க்கே திறந்தது. கற்றது கற்பிக்கப்படாமற் போனால் அஃது அடுத்த தலைமுறைக்கு இல்லாததே ஆகும்.

முதன்மை என்னும் மயக்கம்

நாடாக்கள் வெளிவந்தவுடன் எழுந்த புகழுரைகளில் ஒன்று மிகுதியாக ஒலித்தது. ஐரோப்பியரும் அமெரிக்கரும் பின்னாளில் ஆக்கிய நடன மின்னிசையை இவர்கள் முன்னரே ஆக்கிவிட்டனர் என்பதே அது. சர்மாவின் 'நடன இசை'யைக் கேட்போர் இவ்வாறு எண்ணுவது இயல்பு. மற்றொருவர்க்கும் இதே மாலை சூட்டப்பட்டது. மும்பைத் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்பவரே அவர். அவர் 1982இல் பத்து இராகங்களை மின்னிசைக் கருவிகளில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். சப்பானிய நிறுவனமாகிய ரோலண்டின் மூன்று கருவிகளை அதற்குக் கையாண்டார்: ஜூப்பிட்டர்-8, டி.ஆர்-808 என்னும் தாளக்கருவி, டி.பி-303 என்னும் அடியொலிக் கருவி. அக்கருவிகள் சிங்கப்பூரில் வாங்கப்பட்டவை என்பர். ஜொகூரில் வாழும் நமக்குச் சிறிது பெருமிதம் தரும் செய்திதான். பாலத்துக்கு அப்பாலிருந்து சென்றவை அன்றோ அவை!

இசைத்தட்டு விலைபோகவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர் எடோ பௌமன் 2002இல் தில்லியில் அதனைக் கண்டெடுத்தார். 2010இல் மறுபதிப்பு வந்தது. உடனே ஒரு முழக்கம் எழுந்தது. டி.பி-303 கருவியை வைத்துச் சிக்காகோ இளைஞர்கள் 1987இல் வெளியிட்ட பதிவொன்றிலிருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்னும் இசைவகை பிறந்ததாகச் சொல்வர். சரண்ஜித் சிங் அதனை ஐந்து ஆண்டு முன்னரே கண்டுபிடித்தார் என்பதே முழக்கம். முதுமையில் அவரை ஐரோப்பிய மேடைகளுக்கு அழைத்துப் பாராட்டினர். 2015இல் அவர் மறைந்தார்.

பாராட்டு நன்று; வாதம் பிழை. சிக்காகோ இளைஞர் அவருடைய தட்டைக் கேட்டதற்குச் சான்றில்லை. அவரும் அவர்களுடைய இசையை நோக்கிச் செல்லவில்லை. ஒரே கருவி இருவேறு ஊர்களில் ஒத்த ஒலியை எழுப்பியது, அவ்வளவே. 'முன்னரே செய்தார்' என்னும் புகழ்ச்சியில் ஓர் இழிவும் ஒளிந்துள்ளது. பிறர் வகுத்த முடிவுக்கோட்டை நம்மவர் முன்னரே தொட்டார் என்று மகிழ்வது, ஓட்டத்தின் வழியைப் பிறரே வகுத்தார் என்று ஒப்புக்கொள்வது ஆகாதா? தமிழ் கற்போராகிய நமக்கு இந்நோய் புதிதன்று. 'இதுவும் எம்மிடம் முன்பே இருந்தது' என்று சொல்லி நிறைவடைந்து, இருந்தது என்ன என்று பாராமற் போகும் வழக்கம் நம்மிடையே உண்டு.

சரண்ஜித் சிங்கின் தட்டை அவர் சென்ற வழியிலேயே மதிப்பிட வேண்டும். அவர் முயன்றது இராகத்தை. ஆகவே இராகம் அங்கே வாழ்கின்றதா என்பதே கேள்வி. டி.பி-303 கருவியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் ஓர் அமைப்பு உண்டு. அதனை அவர் நன்கு கண்டுகொண்டார். பூபாளி என அவர்கள் அழைக்கும் நம் மோகனம், மால்கௌன்ஸ் எனப்படும் நம் இந்தோளம் போன்ற ஐந்து சுர இராகங்களில் விரைந்து சுழலும் சுர வரிசைகள் செவிக்கு இனிமையாகவே அமைந்துள்ளன. ஆனால் தாளம் முதலிலிருந்து இறுதிவரை ஒரே நடையில் ஓடுகின்றது, மூச்சு வாங்குவதில்லை. இராகம் மெல்ல மலர்ந்து விரிவதற்குச் சில மணித்துளிகள் போதா. சுரங்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. இராகம் முழுதும் வந்துவிடவில்லை. இவ்வாறு சொல்வது அவரைக் குறைப்பதாகாது. 'ஆசிட் ஹவுஸின் தந்தை' என்பதைவிட, 'இராகத்தைப் பொறியிடம் கேட்டுப் பார்த்த இசைஞர்' என்பதே அவர்க்குப் பெரிய பட்டம்.

யாழ்முரி தரும் அளவுகோல்

கருவிக்கும் பாட்டுக்கும் நேரும் இந்தப் பிணக்கைத் தமிழர் முன்பே எண்ணிப் பார்த்துள்ளனர். முதன்மை கொண்டாடுவதற்காக இதனைச் சொல்லவில்லை; அளவுகோலாகக் கொள்வதற்காகவே சொல்கின்றோம். பெரியபுராணம் கூறும் செய்தி யாவரும் அறிந்ததே. திருஞானசம்பந்தரின் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிலிட்டு வாசித்து வந்தார். தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார், அவர் யாழில் இட்டு வாசிப்பதனாலேயே பதிகத்தின் புகழ் பரவுகின்றது என்றனர். பாணர் உள்ளம் நடுங்கினார். யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருள வேண்டினார். சம்பந்தர் பாடினார். யாழில் அதனை இசைக்க முடியவில்லை. பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்தார். கருவியில் அடங்கும் அளவுக்கு இசைத்தால் போதும் என்று தேற்றினார்.

இந்நிகழ்ச்சியில் நம் ஆராய்ச்சிக்கு மூன்று உண்மைகள் உள்ளன. பாட்டு கருவியினும் பெரிது என்பது ஒன்று. அதனைக் காரணங்காட்டிக் கருவியை முறித்தல் கூடாது என்பது இரண்டு. கருவியின் எல்லையை அறிந்தே அதனை இயக்க வேண்டும் என்பது மூன்று.

இந்த மூன்றையும் மறந்ததால் விளைந்த துன்பம் பல. ஆர்மோனியத்தின் நிலைத்த சுரங்கள் கமகத்துக்கு இடந்தரவில்லை என்று கூறி, அகில இந்திய வானொலி அதனை 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்தது. முப்பதாண்டுக் காலம் யாழை முறித்த கதையே அது. குறை உண்மையே, ஆனால் விலக்கியதனால் ஆர்மோனியம் மறைந்ததா? நாடகக் கொட்டகையிலும் பசனை மடத்திலும் அது வாழ்ந்தே வந்தது. நம் தாத்தாக்கள் தோட்டத்து லயங்களில் காமன் கூத்தும் பசனையும் நிகழ்த்தியபோது வானொலியின் தடையை யாரும் கேட்டிலர்.

மாறாக, மறைந்த யாழை மீட்க முயன்ற விபுலானந்த அடிகளின் வழி வேறு. அறிவியற் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே பெற்ற அவர், சிலப்பதிகார அரங்கேற்று காதையை முன்வைத்து, நரம்புகளின் அளவையும் சுருதிக் கணக்கையும் ஆராய்ந்து 1947இல் 'யாழ்நூல்' தந்தார். அவ்வாண்டிலேயே மறைந்தார். பழங்கருவியின் ஆர்வலர்க்கெல்லாம் அவர் ஒரு முன்மாதிரி. கருவியின் உருவத்தை மட்டும் அவர் தேடவில்லை. அதில் எந்த இசை ஒலித்தது என்பதைத் தேடினார்.

சென்னைத் திரையிசையும் இவ்வழியில் ஒரு பாடம் தருகின்றது. இளையராஜாவின் குழுவில் விஜி மானுவல் விசைப்பலகை வாசித்தார். சிறுவராக அக்குழுவில் விசைப்பலகை வாசித்த ஏ. ஆர். ரகுமான் 1992இல் 'ரோஜா'வின் வழியே புதிய ஒலியைக் கொணர்ந்தார். அவர் பின்னாளில் எதனை நாடினார் என்பதைக் கவனியுங்கள். தனித்தனி விசைகளே இல்லாமல், விரல் வழுக்கிச் செல்லும் ஒரே பரப்பாக அமைந்த 'கன்டினூவம்' என்னும் கருவியை நாடினார். 2009இல் வெளிவந்த 'தில்லி-6' என்னும் இந்திப் படத்தின் பாடலொன்றில் அதனை வாசித்துள்ளார். விசைப்பலகையில் வளர்ந்த கையே விசையில்லாக் கருவியைத் தேடிச் சென்றது. கமகம் அழைத்தது, கை சென்றது.

பழமையின் விலை

இற்றை ஆர்வலர் உலகில் இன்னொரு மயக்கமும் உண்டு. அதுவே பொருள் மயக்கம். பழைய மோக், பழைய டி.பி-303 ஆகியவற்றுக்குச் சேகரிப்போர் தரும் விலை வியப்பூட்டும். மினிமோக் 2016இலும் 2022இலும் மீண்டும் செய்யப்பட்டது. செருமனியில் டீட்டர் டோப்பர் 1990களின் நடுவில் சிறு பெட்டிகளால் ஆகிய 'யூரோராக்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். 128.5 மில்லிமீட்டர் உயரம் என்னும் பொது அளவு ஏற்பட்டதால், எந்த நாட்டார் செய்த பெட்டியும் எவருடைய சட்டத்திலும் பொருந்தும். இன்று ஆயிரக்கணக்கான வகைகள் உள்ளன. கூறிணைக் கருவி மறுபிறவி எடுத்தது மகிழ்ச்சிக்குரியதே.

ஆனால் பெட்டி சேர்ப்பது இசையாகாது. நூல் அடுக்குவது புலமை ஆகாதவாறே. 'எத்தனை பெட்டி வைத்துள்ளாய்?' என்று கேட்கும் இடத்தில், 'எதனை இசைத்தாய்?' என்ற கேள்வி ஒதுங்கிவிடுகின்றது. 2017இல் வந்த 'வி.சி.வி. ராக்' என்னும் கணினி மென்பொருள் இந்த முழுக் கருவியையும் திரையில் தருகின்றது. அதன் அடிப்படைப் பதிப்புக்கு விலையே இல்லை. அகமதாபாத்தில் சிலர்க்கே திறந்த கதவு இன்று கணினியுள்ள எவர்க்கும் திறந்துள்ளது. பழமையின் விலையைப் பேசுவோர் இந்த எளிமையின் மதிப்பையும் பேச வேண்டும்.

நம் கையிலுள்ளது

இவற்றால் நமக்கு என்ன? இந்நாட்டுத் தமிழர் வாழ்வில் மின் விசைப்பலகை புகாத இடமில்லை. திருமண விருந்தில் அஃது உண்டு. கோயில் விழா இசைநிகழ்ச்சியில் அஃது உண்டு. பள்ளியின் பரிசளிப்பு விழாவிலும் அஃது உண்டு. திருமுறை ஓதும் போட்டிக்கு வரும் பிள்ளை கைப்பேசியில் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டுப் பாடுகின்றது. அந்தச் சுருதிப்பெட்டியும் மின்னிசைக் கருவியின் இனமே. பெங்களூரில் பொறியாளரும் புல்லாங்குழற் கலைஞருமான இராஜ் நாராயண் 1979ஆம் ஆண்டளவில் மின் சுருதிப்பெட்டியை ஆக்கினார். இந்திய இசையின் தேவையை அறிந்த ஒருவர் பொறியை அதற்கு இசைவித்த நல்ல சான்று அது. அது பாட்டின் சுரங்களைத் தொடுவதில்லை. ஆதாரத்தை மட்டும் தருகின்றது. தன் எல்லை அறிந்த கருவி.

விசைப்பலகையோ அவ்வாறு நிற்பதில்லை. பிள்ளை பாடுமுன் ஒவ்வொரு சுரத்தையும் அது வாசித்துக் காட்டுகின்றது. பிள்ளையின் குரல் படிப்படியாக அதன் படிக்கட்டுகளில் ஏறப் பழகிவிடுகின்றது. ஓதுவார் இழைத்துப் பாடும் இடத்தில் பிள்ளை தாண்டிப் பாடுகின்றது. தோட்டப் பள்ளிகளில் பணிசெய்வோர் பலர் இதனைச் செவியால் அறிவர். குற்றம் பிள்ளையினதன்று, கருவியினதும் முழுதும் அன்று. கருவியின் எல்லையைச் சொல்லிக் கொடாத நம்மது.

ஆகவே ஆசிரியர் செய்யத்தக்கவை இரண்டு உள. ஒன்று செவிப்பயிற்சி. பள்ளிக் கணினியில் அந்த விலையில்லா மென்பொருளைத் திறந்து, ஒரே ஓர் ஒலியை எழுப்பி, அதனைக் கீழ்ச் சட்சத்திலிருந்து மேற்சட்சம் வரை மெல்ல வழுக்கிக் காட்டுக. பிறகு அதே தொலைவைப் பன்னிரு படியாகக் காட்டுக. பண்டிதரின் இருபத்து நான்கு படியாகவும் காட்டுக. படிகளுக்கு இடையே எவ்வளவு இடம் உள்ளது என்பதைப் பிள்ளைகள் கேட்கட்டும். அதன்பின் ஒரு தேவாரப் பதிகத்தை ஓதுவார் பாடக் கேட்பித்து, அவர் எந்தெந்த இடைவெளியில் உலவுகின்றார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுக. யாழ்முரிப் பதிகத்தை இக்காலத்து ஓதுவார்கள் அடாணா இராகத்தில் பாடுவர். அதுவே இப்பயிற்சிக்குத் தக்க பாடமாகும். கருவியைக் காட்டுமுன் கேள்வியைக் காட்டுக என்பது ஆசிரியப் பயிற்சியின் பழம்பாடம் அன்றோ?

மற்றொன்று காப்பு. அகமதாபாத்துக் காப்பறையைப் போல நம் வீடுகளிலும் நாடாக்கள் உறங்குகின்றன. உள்ளூர் இசைக்குழுக்கள் மேடையில் வாசித்தவை, கோயில் விழாக்களில் பதிவானவை, பாட்டியர் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் எனப் பலவும் பழைய கேசட்டுகளில் உள்ளன. இந்நாட்டின் ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சை படரும், ஒட்டிக்கொள்ளும், ஒரு நாள் ஓடாது. பெட்டியின் மேல் ஊர், ஆண்டு, வாசித்தவர் பெயர், கருவியின் பெயர் ஆகிய நான்கையும் எழுதி வைப்பது முதல் வேலை. ஓடும்போதே கணினியில் படியெடுப்பது இரண்டாம் வேலை. அகமதாபாத் நாடாக்களை உயிர்ப்பிக்க முடிந்ததற்குக் காரணம், ஒரு நிறுவனம் அவற்றை எறியாமல் வைத்திருந்தமையும் படைத்தோர் பெயர் நிலைத்திருந்தமையுமே. நம் நாடாக்களில் பெயரே இல்லை. பெயரில்லா ஏட்டைக் கண்டெடுப்பார் எவர்? கண்டெடுத்தாலும் யாருடையது என்பார்?

அகமதாபாத்தின் ஐவரும், மும்பையின் சரண்ஜித் சிங்கும் உலகில் முதல்வரா என்பது பெரிதன்று. புதிய கருவி கைக்கு வந்தபோது அவர்கள் தம் செவியை விற்றுவிடவில்லை என்பதே பெரிது. அவர்கள் ஆக்கியதில் குறையுண்டு. ஆயினும் அவர்கள் கேட்ட வினா குறையற்றது. அந்த வினாவை நம் பிள்ளைகளும் கேட்கப் பழகுவாராயின், விசைப்பலகை அவர்கள் கையில் இருக்கலாம், சிந்தசைசர் இருக்கலாம், நாளை வேறொன்றும் வரலாம். எதனையும் முறிக்க வேண்டா. பாட்டை மட்டும் அதன் அளவுக்கு வெட்டாதிருந்தால் போதும்.